நெடுந்தீவுக்கு ஒரே நாளில் போய்வரலாம் என்றார்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் நம் ஆட்களிடம் தீவுக்கு விடுமுறை போகிறேன் என்று சொன்னால் மொரீஷியஸா, பாலியா, புக்கெட்டா என்றுதான் கேட்பார்கள். நெடுந்தீவு என்றால் அது எந்த நாட்டில் என்பார்கள். யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே பாக்கு நீரிணையில் கிடக்கும் தீவு, அங்கே எல்லோரும் தமிழ்தான் பேசுகிறார்கள், காட்டுக் குதிரைகள் திரிகின்றன என்று நான் விளக்கி முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். போய்வந்தவர் ஒருவரும் அகப்படாததால் கிடைத்ததையெல்லாம் படித்து நானே பயணத்தைத் திட்டமிட்டேன். எதைப் படித்தாலும் ஒரே பேச்சு: காலையில் படகு ஏறினால் மாலையில் திரும்பிவிடலாம். அதை நம்பியதில் எனக்குப் பதினாலாயிரம் ரேண்டுக்கு மேல் போய்விட்டது. தீவின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, இப்போதும் எல்லோரையும் போகச் சொல்கிறேன். எப்போது போவது, எப்படிப் போவது என்பதை மட்டும் யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். எனக்குச் சொல்ல ஆளில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

முதலில் பருவம். மற்ற தொல்லை எல்லாம் அதிலிருந்துதான் முளைத்தது. தென்னாப்பிரிக்காவில் நமக்கு நீண்ட விடுமுறை என்று கிடைப்பது ஜூன் கடைசி, ஜூலையில் வரும் குளிர்கால விடுமுறையும் டிசம்பர் விடுமுறையும்தான். யாழ்ப்பாணத் தீவுகளுக்கு இரண்டுமே ஆகாத காலம். மே பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் காற்றை அங்கே சோளகம் என்கிறார்கள். தென்னிலங்கைக்கு மழை கொண்டுவரும் அதே காற்று வடக்கே வரும்போது வறண்டுபோகிறது. வானம் பளிச்சென்று இருக்கும், வெயில் அடிக்கும், கடல் மட்டும் புரண்டுகொண்டிருக்கும். படத்தைப் பார்த்தால் அருமையான வானிலை என்று தோன்றும். அக்டோபர் தொடங்கி டிசம்பர் முடிய வாடைக்காற்று, மழை, சில வருடங்களில் புயலும் சேர்ந்துகொள்ளும். கடல் படுத்திருப்பது பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரைதான். ஆக நமக்குப் பொருந்துவது ஈஸ்டரை ஒட்டி வரும் பள்ளி விடுமுறை. பெரிய வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போயே ஆகவேண்டிய குடும்பம் என்றால் அதற்கு முன்னாலோ பின்னாலோ வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் வெயில் மண்டையைப் பிளக்கும் என்பதை மறைக்கவில்லை. ஆனால் வெயிலுக்குக் குடை உண்டு, காற்றுக்கு என்ன செய்வது?

நான் போனது ஜூலையில். வீட்டில் யாருக்கும் விடுப்பு ஒத்துவரவில்லை, தனியாகவே கிளம்பினேன். டர்பனில் ஒரு ஏஜென்ட் மூலம் வளைகுடா வழியாகக் கொழும்புக்குப் போய்வரும் டிக்கெட் வாங்கினேன், இருப்பதிலேயே மலிவான வகை. இலங்கைக்கு நம் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே இணையத்தில் மின்னணு அனுமதி எடுக்க வேண்டும். நான் கட்டியது 50 அமெரிக்க டாலர். தேடினால் அரசாங்கத் தளத்தைப் போலவே வேஷம் போட்ட தளங்கள் முதலில் வந்து நிற்கும், அவற்றில் கட்டணம் ஏகத்துக்கு இருக்கும். கட்டணம் விசித்திரமாகப் பட்டால் கார்டை உள்ளே வையுங்கள். இன்னொன்று, அடிஸ் அபாபா, நைரோபி வழியாக மலிவு டிக்கெட் கண்ணில் படும். அந்த நாடுகள் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இருப்பவை. அங்கே விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து மாறினால் இலங்கைக்குள் நுழைவதற்கும், திரும்பி நம் நாட்டுக்குள் வருவதற்கும் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும்.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயிலில்தான் போக ஆசைப்பட்டேன். போரில் அறுந்துகிடந்த பாதை 2014 அக்டோபரில்தான் யாழ்ப்பாணம் வரை மறுபடி திறந்தது. யாழ்தேவி என்ற அந்த ரயிலின் பெயரே ஏறத் தூண்டும். ஆனால் முன்பதிவு இருக்கைகள் ஒரு மாதம் முன்பே திறக்கின்றன, விடுமுறைக் காலத்தில் உடனே தீர்ந்தும் விடுகின்றன. கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து இரவு பஸ் பிடித்தேன். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது, குளிரூட்டியில் உறைந்துபோனேன், சால்வை ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவோடு சேர்த்துப் போகிறவர்களுக்குச் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு விமானம் இருக்கிறது, 2019இல் திறந்தது. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வடக்கே உள்ள காங்கேசன்துறைக்குக் கப்பலும் 2023 அக்டோபரில் தொடங்கியது, ஆனால் அதுவும் காற்றையும் மழையையும் பார்த்து ஓடுகிற கப்பல்தான். நல்லூர்ப் பக்கம் ஒரு சின்ன லாட்ஜில் தங்கி கோயில், நூலகம், கோட்டை எல்லாம் பார்த்தேன். அதெல்லாம் பலரும் எழுதியாயிற்று. கடைசியாக வெள்ளிக்கிழமையை நெடுந்தீவுக்கு ஒதுக்கினேன். அன்று இரவே கொழும்புக்குப் பஸ், சனிக்கிழமை முழுக்கக் கொழும்பில், நள்ளிரவு தாண்டி ஞாயிறு அதிகாலையில் விமானம். நடுவே ஒரு முழு நாள் கையில் இருக்கிறதே, போதாதா என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

படகு யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படுவதில்லை. குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் போக வேண்டும். பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, புங்குடுதீவு என்று தீவுகளைக் கோத்துக்கொண்டு போகும் சாலை அது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் பஸ், அந்தப் பயணத்துக்கே தனிக் காசு கொடுக்கலாம். இறங்குதுறையில் ஒரே கூட்டம். அவர்களில் முக்கால்வாசிப் பேர் நயினாதீவு நாகபூசணி அம்மனுக்குப் போகிறவர்கள். ஆனி மாதத் திருவிழாக் காலத்தில் போனால் நெரிசல் இன்னும் மோசம். நயினாதீவு கால் மணி, இருபது நிமிடம். நெடுந்தீவு ஒரு மணி நேரம். படகும் வேறு, வரிசையும் வேறு. எல்லோரும் ஏறுகிறார்களே என்று ஏறிவிடாமல் கேட்டு ஏறுங்கள். காலைப் படகில் தீவில் வேலை பார்க்கும் ஆசிரியர்களும் அலுவலர்களும் வருகிறார்கள், அவர்களுக்கு அது தினசரி பஸ். சுற்றுலா வந்த நாம் முண்டியடிக்காமல் அவர்கள் உட்கார்ந்த பிறகு உட்காருவதுதான் முறை. கட்டணம் சில்லறைக் காசுதான். படகின் வயிற்றுக்குள் டீசல் வாசனை தூக்கும், வாந்தி வருகிறவர்கள் புறப்படுவதற்கு அரை மணி முன்பே மாத்திரை போட்டுக்கொண்டு பின்பக்கம் நடுவாக உட்காருங்கள். நான் போன அன்று காலையிலேயே அலை இருந்தது. பக்கத்தில் இருந்த ஆசிரியை கண்ணை மூடிக்கொண்டு தூங்கியதைப் பார்த்து இது வழக்கம்தான் போலிருக்கிறது என்று தைரியம் வந்தது.

நெடுந்தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில் இறங்கியதும் குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. 1985 மே 15ஆம் தேதி இதே வழித்தடத்தில் படகை மறித்துப் பெண்கள், குழந்தைகள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டவர்களை வெட்டிக் கொன்றார்கள். அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். இறங்கிய இடத்திலேயே சிரித்துக்கொண்டு செல்ஃபி எடுத்த ஒரு கூட்டத்தைப் பார்த்தேன், அந்த ஊர்க்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் பார்த்தேன். துறையிலேயே முச்சக்கர வண்டிகள் நிற்கும். சுற்றிக்காட்டி மறுபடி துறையில் விட 4,000 இலங்கை ரூபாய் பேசினேன், நம் காசில் 240 ரேண்ட் சுமார். ஓட்டியது இருபத்தைந்து வயதுத் தம்பி. "தனியவோ வந்தனீங்கள் அக்கா?" என்பதுதான் அவன் முதல் கேள்வி. அதன் பிறகு தீவில் பார்த்த ஒவ்வொருவரும் அதையே கேட்டார்கள்.

தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர், தட்டையான நிலம். வீட்டுக்கு வீடு, வயலுக்கு வயல் பவளக் கல்லை அடுக்கிக் கட்டிய மதில். சாந்து கிடையாது, கல்லின் மேல் கல், அவ்வளவுதான். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தர் என்கிற டச்சுக்காரர்களும் புழங்கிய கோட்டை இடிந்து கிடக்கிறது, அதுவும் பவளக் கல்லும் சுண்ணாம்பும்தான். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள், நயினாதீவுக்கு ஹார்லெம், காரைதீவுக்கு ஆம்ஸ்டர்டாம் என்று. மற்றதெல்லாம் மறந்துபோய் நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும் இன்றைக்கும் வரைபடத்தில் இருக்கிறது. டிக்கெட், விடுதி எது தேடினாலும் இரண்டு பெயரிலும் தேடிப்பாருங்கள். புறாக் கூடு, குதிரை லாயம், வளருகிறது என்று சொல்லும் கல், பெரிய பாதச் சுவடு, இதையெல்லாம் தம்பி வரிசையாகக் காட்டினான். கல் வளருகிறதா என்று எனக்குத் தெரிந்த அளவில் சொல்ல முடியாது, பொட்டு வைத்துக் கும்பிடுகிறார்கள், நானும் கும்பிட்டேன். என்னை அசைத்தது பெருக்க மரம்தான். நம் நாட்டு லிம்போப்போ மாகாணத்தில் நாம் பார்க்கிற அதே பேவோபாப். அரபு வணிகர்கள் கொண்டுவந்து வைத்தது என்று சொல்கிறார்கள். நடுவில் பொந்து, உள்ளே போய் நிற்கலாம். மோஜாஜிஸ்க்ளூஃப் பக்கம் பொந்துக்குள் மதுக்கடை நடத்திய பெரிய மரம் ஒன்று சில வருடங்களுக்கு முன் பிளந்து விழுந்ததே, அதற்குள் நான் நின்றிருக்கிறேன். நம் பாட்டன் பூட்டன் மதராசில் கப்பலேறி நேட்டாலுக்கு வந்தார்கள், இந்த மரம் அதற்கெல்லாம் முன்பே எதிர்த்திசையில் கடல் தாண்டிப் போயிருக்கிறது.

பிற்பகல் துறைக்கு வந்தபோது காற்று புடவை முந்தானையைப் பிடுங்கியது. படகு கட்டியே கிடந்தது. "இண்டைக்கு ஓடாது அக்கா. கடல் சரியில்லை. நாளைக்குப் பாப்பம்" என்றார் கயிறு பிடித்துக்கொண்டிருந்தவர், நாளைக்கு வெயில் அடிக்குமா பார்ப்போம் என்கிற தொனியில். வேறு படகு உண்டா, கூடுதல் பணம் கொடுத்தால் யாராவது மீன்பிடி வள்ளத்தில் விடுவார்களா என்று கேட்டேன். தம்பி என்னைத் தனியே கூப்பிட்டு, அப்படி யாராவது சம்மதித்தாலும் ஏறாதீர்கள் என்றான். இதை அழுத்திச் சொல்கிறேன்: காசுக்காகக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது வந்தால் போகாதீர்கள். பெரிய படகே நிற்கிற கடலில் சின்ன வள்ளம் ஓடக்கூடாது. முதல் ஒரு மணி நேரம் எனக்கு வந்தது கோபம் மட்டும்தான். காலையில் ஏற்றும்போது யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று. பக்கத்தில் ஒரு இளம்பெண் கைக்குழந்தையோடு நின்றாள், மறுநாள் யாழ்ப்பாணத்தில் பிள்ளைக்குக் கிளினிக் தேதியாம். அவள் ஒன்றும் பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். அவர்களுக்கு இது வருடா வருடம் உள்ளதுதான்.

தீவில் தங்க விடுதி, வீட்டுத் தங்கல் என்று சில இடங்கள் உண்டு, ஆனால் அன்று படகு நின்றதால் என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்கள் அவற்றை நிரப்பிவிட்டார்கள். தம்பி தன் பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனான். அந்த அம்மாவை நான் அக்கா என்றேன், அவரும் என்னை அக்கா என்றார், யார் மூத்தவர் என்று கடைசிவரை முடிவாகவில்லை. புட்டும் மீன் குழம்பும் சொதியும் போட்டார். மறுநாள் ஒடியல் கூழ், அதாவது காய்ந்த பனங்கிழங்கு மாவுக் கூழ், நண்டும் இறாலும் மீனும் போட்டுக் காய்ச்சியது. ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிப் பழகிய எனக்குக் கூழுக்குள் நண்டுக்கால் பார்த்ததும் ஒரு கணம் திக்கென்றது, அப்புறம் இரண்டு தரம் வாங்கிக் குடித்தேன். காசு வாங்க மாட்டேன் என்றவரிடம் ஒரு இரவுக்கு 3,000 ரூபாய் கணக்கில் வற்புறுத்திக் கொடுத்தேன். இரவில் எல்லோரும் படுத்த பிறகு கிணற்றடியில் நின்று அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஊர் தெரியாது, கணவரிடம் வாட்ஸ்அப்பில் சொன்னால் அவரும் பயப்படுவார், விமானம் வேறு. எல்லாவற்றுக்கும் மேல் என் பிரஷர் மாத்திரை லாட்ஜில் பெட்டிக்குள் இருந்தது. பகல் பயணம்தானே என்று எவரும் மாத்திரை அட்டையைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. தூக்கிக்கொண்டு போங்கள். காலையில் தீவு ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்து இரண்டு நாளுக்கு மாத்திரை கொடுத்தார்கள், ஒரு சதம் வாங்கவில்லை. மருந்தின் கடைப்பெயர் அங்கே வேறு, அதனால் மருந்தின் மூலப்பெயரையும் அளவையும் போனில் எழுதி வைத்திருந்தது உதவியது.

சனிக்கிழமையும் கடல் விடவில்லை. இனி விமானத்தைப் பிடிக்க முடியாது என்று தெரிந்ததும் டிக்கெட்டை மாற்றும் வேலையில் இறங்கினேன். இங்கேதான் பணம் போனது, கவனமாகப் படியுங்கள். இலங்கை நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னே. அங்கே காலை ஒன்பது என்றால் டர்பனில் ஐந்தரை, யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஏஜென்ட் கடை சனிக்கிழமை திறப்பதில்லை, அவசரத்துக்கு என்று கொடுத்த எண் அடித்துக்கொண்டே இருந்தது. விமான நிறுவனத்தைப் பிடித்தால், ஏஜென்ட் மூலம் வாங்கிய டிக்கெட்டில் ஏஜென்ட்தான் கை வைக்க முடியும் என்றார்கள். அதற்குள் போனில் டேட்டா தீர்ந்து, கடை தேடி ரீலோட் செய்து, மறுபடி வரிசையில் காத்திருந்து, மாலையாகிவிட்டது. விமானம் கிளம்பும் நேரத்துக்கு முன்பே மாற்றவோ ரத்து செய்யவோ முடிந்தால் ஒரு கட்டணம், கிளம்பிய பிறகு வராத பயணி என்று போட்டுவிட்டால் அதற்குத் தனி அபராதம். பல டிக்கெட்டுகளில் அந்த வழியில் மிச்சம் இருக்கும் பயணமும் சேர்ந்து ரத்தாகிவிடும். எனக்கு விழுந்தது இரண்டாவது. ஆகவே டிக்கெட் வாங்கும்போதே மாற்றக் கட்டணம் எவ்வளவு, வராத பயணிக்கு அபராதம் எவ்வளவு, வார இறுதியில் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நேரடியாக நிறுவனத்திடம் வாங்கினால் விலை கொஞ்சம் கூடினாலும் போனிலேயே மாற்றலாம். மாற்றத்தக்க வகைக்கும் மலிவு வகைக்கும் அன்று இருந்த வித்தியாசம் ரேண்டில் இரண்டாயிரம் கூட இல்லை.

போன் போராட்டம் முடிந்த மாலையில் தம்பி வண்டியோடு வந்து, வாங்கோ குதிரை பாப்பம் என்று கூட்டிப்போனான். எனக்கு எதையும் பார்க்கும் மனநிலை இல்லை. முந்தின நாள் நடுப்பகல் வெயிலில் தூரத்தில் நாலைந்து குதிரைகளைத்தான் பார்த்திருந்தேன், ஒரு நாள் சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் பார்ப்பது அதுதான். பொழுது சாய்ந்தால்தான் கூட்டமாக வருகின்றன. தெற்கே சாராப்பிட்டிப் பக்கம் நல்ல தண்ணீர்க் கிணறுகள் இருக்கும் வெளியில் குட்டிகளும் தாய்களுமாக மேய்ந்துகொண்டிருந்தன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்து வளர்த்தவை, பிரிட்டிஷ்காரன் காலத்திலும் ஒரு அதிகாரி இங்கே குதிரை வளர்த்திருக்கிறார், அப்புறம் கேட்பாரற்றுக் காட்டுக் குதிரைகள் ஆகிவிட்டன. கடும் வறட்சி வருடங்களில் தண்ணீர் இல்லாமல் செத்தும் போகின்றன. கிட்டே போகாதீர்கள், பிஸ்கட் போடாதீர்கள், வண்டியை ஓரமாக நிறுத்தி உட்கார்ந்திருந்தால் அவை பாட்டுக்கு வரும். டிக்கெட்டை நினைத்து வயிறு எரிந்துகொண்டிருந்த நேரத்திலும், படகு ஓடியிருந்தால் இதைப் பார்த்திருக்க மாட்டோமே என்று தோன்றியது. கூடவே, இந்தத் தோன்றலுக்கு விலை இவ்வளவா என்றும் தோன்றியது.

ஞாயிறு முற்பகலில் படகு விட்டார்கள். யாழ்ப்பாணத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு கொழும்பு வந்து சேர நள்ளிரவு. திங்கட்கிழமை ஏஜென்ட் கிடைத்தார், அபராதமும் விலை வித்தியாசமும் சேர்த்து 9,800 ரேண்ட் என்றார், வார நடுவில்தான் இடம். பணம் கட்டப்போனால் இன்னொரு வேடிக்கை. நம் ஊர் வங்கிகள் இணையத்தில் கார்டு போட்டால் நம் சிம் இருக்கிற போனுக்கோ செயலிக்கோ ஒப்புதல் கேட்டு அனுப்புகின்றன. நான் விமான நிலையத்திலேயே இலங்கை சிம் போட்டு நம் சிம்மைக் கழற்றிப் பர்ஸில் வைத்திருந்தேன், ரோமிங்கும் திறக்கவில்லை. கடைசியில் டர்பனில் மகள் கட்டினாள். இரண்டு சிம் போடும் போன் கொண்டுபோங்கள், இல்லையென்றால் பழைய போன் ஒன்றில் நம் சிம்மைப் போட்டு, கிளம்புமுன்பே ரோமிங்கைத் திறந்து வையுங்கள். கொழும்பில் காத்திருந்த செலவு 2,100, யாழ்ப்பாண லாட்ஜுக்கும் வீணான பஸ் டிக்கெட்டுக்கும் 900, சம்பளமில்லா விடுப்பில் போனது ஆயிரத்து ஐந்நூறு. காப்பீடு இருக்கிறதே என்று தெம்பாக இருந்தேன். படகு நின்றதற்கு எழுத்தில் அத்தாட்சி கேட்டார்கள். தம்பி வார நாளில் அலுவலகத்துக்கு நடந்து ஒரு கடிதம் வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அதை வைத்து 1,700 ரேண்ட் தந்தார்கள், தங்கின செலவுக்கு மட்டும். டிக்கெட்டுக்கு இல்லை, படகு டிக்கெட்டும் விமான டிக்கெட்டும் ஒரே பதிவில் இல்லையாம். மாட்டிக்கொண்டால் தீவை விட்டுக் கிளம்புமுன் தேதி போட்டு ஒரு கடிதம் வாங்கப் பாருங்கள், அலுவலகம் பூட்டியிருந்தால் துறையில் ஒட்டிய அறிவிப்பை, கட்டிக் கிடக்கும் படகைப் படமாவது எடுங்கள்.

சரி, எப்படித்தான் போவது? நெடுந்தீவைப் பயணத்தின் வாலில் வைக்காதீர்கள், தலையில் வையுங்கள். கொழும்பில் இறங்கியதும் யாழ்ப்பாணம், யாழ்ப்பாணத்தில் இறங்கியதும் தீவு. கடல் பிடித்து வைத்தாலும் பின்னால் கண்டி, நுவரெலியா என்று வைத்திருப்பதில் நாளைக் குறைத்துக்கொள்ளலாம். ஓர் இரவாவது தங்கும் எண்ணத்தோடே போங்கள், முன்பே சொல்லி வைத்தால் இடம் கிடைக்கும், குதிரைகளையும் பார்ப்பீர்கள். தீவை விட்டுக் கிளம்ப நினைக்கும் நாளுக்கும் விமானத்துக்கும் நடுவே காற்றில்லாத பருவத்தில் மூன்று நாளாவது விடுங்கள். சோளகக் காலத்தில் ஒரு வாரம் விட முடியாதவர்கள் நயினாதீவோடு நின்றுகொள்ளலாம். இலங்கை வானிலைத் திணைக்களம் கடலுக்குத் தனி அறிக்கை விடுகிறது, தமிழிலும் வருகிறது. அதில் கொழும்புக் கடலைப் பார்க்காதீர்கள். புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரை என்று ஒரு பகுதி போடுவார்கள், அதுதான் உங்கள் கடல். மணிக்கு 50, 60 கிலோமீட்டர் காற்று என்று அங்கே இருந்தால் லாட்ஜிலேயே இருந்து தோசை சாப்பிடுங்கள். படகு நேரத்தை முந்தின நாள் மாலை லாட்ஜ்காரரை விட்டுத் துறையில் விசாரிக்கச் சொல்லுங்கள். இணையத்தில் போட்டிருக்கும் நேரங்கள் எந்த வருடத்தவையோ.

தனியாகப் போகும் பெண்கள் பயப்பட ஒன்றுமில்லை, எனக்கு அங்கே ஒரு தொந்தரவும் வரவில்லை. முழங்காலை மூடும் உடை, கோயிலுக்கும் மாதா கோயிலுக்கும் ஒரு துப்பட்டா போதும். கேள்விகள்தான் அதிகம்: கணவர் ஏன் வரவில்லை, பிள்ளைகள் எத்தனை, தாய் தகப்பன் இந்தியாவா. பதில் சொல்லிப் பழகிக்கொண்டால் சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் வழி பிறக்கும். ரொக்கம் அவசியம், கார்டு வாங்கும் கடை ஒன்றும் தீவில் என் கண்ணில் படவில்லை. 20,000 ரூபாய் வரை சின்ன நோட்டாக வைத்திருங்கள். பகல் பயணமானாலும் பையில் பாஸ்போர்ட், மாத்திரை, மாற்றுடை ஒன்று, பல் துலக்கி, சார்ஜர், பவர் பேங்க். குடிதண்ணீர் அங்கே அருமையான பொருள், பல கிணறுகள் உப்புக் கரிக்கும். டர்பனில் திறந்துவிட்டுக் குளிப்பதைப் போல் குளித்தால் அந்த வீட்டுப் பெண்கள் மறுநாள் தண்ணீருக்கு நடக்க வேண்டியிருக்கும், இரண்டு வாளியோடு முடித்துக்கொள்ளுங்கள். காலிப் போத்தல்களை யாழ்ப்பாணத்துக்கே திருப்பி எடுத்து வாருங்கள்.

ஈஸ்டர் விடுமுறைக்குத் திட்டமிடுகிறவர்கள் இன்னும் ஒரு தேதி பார்க்க வேண்டும். கச்சதீவு அந்தோனியார் திருவிழா தவக்காலத்தில், பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும். குறிகாட்டுவானிலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் அன்று யாத்திரிகர்களை ஏற்றிப் படகுகள் போகும். அந்த இரண்டு மூன்று நாளைத் தவிர்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள், போடும்போது மறக்காமல் மாற்றத்தக்க வகையாகப் போடுங்கள்.